துப்பாக்கி கன்ட்ரோலர் வாங்கும் முன்: அதன் கண் எங்கே என்று பாருங்கள்

நான் வாங்கிய முதல் கேம் துப்பாக்கி இன்னும் வீட்டுப் பரணில்தான் கிடக்கிறது. பிசி, மொபைல், வி.ஆர். எல்லாவற்றுக்கும் ஆகும் என்று பெட்டியில் போட்டிருந்தார்கள். பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒரு ப்ளூடூத் பட்டன், அதைச் சுற்றிப் பிளாஸ்டிக், வேறொன்றும் இல்லை. ட்ரிக்கரை அழுத்தினால் அழுத்தியதைச் சொல்லும், ஆனால் குழல் எந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறது என்பது அதற்கே தெரியாது. காசு போனது போகட்டும், அன்றைக்குப் புரிந்த ஒரே விஷயத்தை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்: நீங்கள் எங்கே குறிவைக்கிறீர்கள் என்று யாரோ ஒருவர் பார்த்துச் சொல்லியாக வேண்டும், அந்தக் கண் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் துப்பாக்கி வாங்கக் கூடாது.

டிவி அல்லது மானிட்டர் முன்னால் நின்று சுடும் துப்பாக்கியில் கண் துப்பாக்கிக்குள்ளேயே இருக்கும், அது திரையைப் பார்க்கும். தலையில் மாட்டும் குவெஸ்ட் மாதிரி வி.ஆர். ஹெட்செட்டில் கண் உங்கள் நெற்றியில் இருக்கும், அது உங்கள் கைகளைப் பார்க்கும். இந்த ஒரு வித்தியாசத்தால் இரண்டும் வேறு வேறு சாதனங்கள். ஒன்றுக்கு வாங்கியது மற்றதற்கு ஆகவே ஆகாது.

முதலில் கேம் பட்டியல்

கடைப் பக்கத்தைத் திறக்கும் முன் ஒரு தாளை எடுத்து, உண்மையிலேயே விளையாடப் போகிற ஐந்து கேம்களை எழுதுங்கள். ஆசைக்கு எழுதாதீர்கள், அடுத்த மாதம் விளையாடப் போவதை எழுதுங்கள். அநேகமாக அவை மூன்று கூட்டத்தில் ஒன்றில் சேரும்.

ஹவுஸ் ஆஃப் தி டெட், டைம் கிரைசிஸ், விர்ச்சுவா காப் மாதிரி ஆர்கேட் கேம்கள் முதல் கூட்டம். இதில் நடப்பதைக் கேமே பார்த்துக்கொள்ளும், நாம் திரையில் தெரிவதைச் சுட்டால் போதும். லைட்கன் என்று சொல்லப்படுவது இதற்காகவே பிறந்தது.

கவுன்டர் ஸ்ட்ரைக், கால் ஆஃப் டியூட்டி வகை இரண்டாவது கூட்டம். அதிகம் பேர் ஏமாறுவது இங்கேதான். மவுஸ் கேமிடம் சொல்வது 'நான் இவ்வளவு தூரம் நகர்ந்தேன்' என்பதை. லைட்கன் சொல்வது 'திரையில் இந்தப் புள்ளியில் இருக்கிறேன்' என்பதை. மவுஸ் நகர்ந்த தூரத்தை வைத்துத் தலையைத் திருப்பும் கேமுக்கு இந்தப் புள்ளிக் கணக்கு புரியாது, பார்வை கண்டபடி சுழலும் அல்லது அசையவே அசையாது. அதைச் சரிக்கட்ட மென்பொருள் போட்டு மெனக்கெட்டாலும், வலது ஓரத்தில் நிற்கும் எதிரியைக் குறிவைத்தவுடன் பார்வை திரும்பி அவன் நடுவுக்கு வந்துவிடுவான், உங்கள் கை மட்டும் ஓரத்தையே காட்டிக்கொண்டிருக்கும். உங்கள் பட்டியல் முழுக்க இந்தக் கேம்கள்தான் என்றால் துப்பாக்கி வேண்டாம், அந்தக் காசுக்கு நல்ல மவுஸ் வாங்குங்கள். வருத்தமாகத்தான் இருக்கும், தெரியும்.

மூன்றாவது வி.ஆர். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், அங்கே பேச நிறைய இருக்கிறது.

திரைக்கு முன்னால்: நான்கு விதமான கண்கள்

வாத்து சுடும் கேசட் கேம் விளையாடிய தலைமுறைக்கு முதல் வகை நினைவிருக்கும். நின்டெண்டோவின் ஸாப்பர் 1985-இல் அமெரிக்காவுக்கு வந்தது. அதன் குழலுக்குள் இருந்தது வெளிச்சத்தை உணரும் ஒரு சிறு சென்சார் மட்டுமே. ட்ரிக்கரை இழுத்தவுடன் திரை ஒரு நொடித்துளி கருப்பாகும், அடுத்து வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் மின்னும். சென்சார் முதலில் இருட்டையும் பிறகு வெளிச்சத்தையும் பார்த்தால் வாத்து காலி. முதலில் கருப்பு எதற்கென்றால், பல்பைப் பார்த்துச் சுட்டு ஏமாற்றாமல் இருக்க. இது முழுக்க பிக்சர் டியூப் டிவி படம் வரையும் நேரக் கணக்கை நம்பி நடப்பது. எல்சிடி, எல்இடி டிவிகள் படத்தைக் காட்ட எடுத்துக்கொள்ளும் சிறு தாமதமே அந்தக் கணக்கைக் குலைத்துவிடும். அதனால் பழைய ஸாப்பரோ முதல் பிளேஸ்டேஷனின் கன்கானோ மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கி இன்றைய மானிட்டர் முன் நீட்டினால் ஒன்றும் நடக்காது. டியூப் டிவியும் அந்தக் காலக் கன்சோலும் வீட்டில் இருந்தால் மட்டும் எடுங்கள்.

இரண்டாவது, இரண்டு புள்ளிக் கண். 2006-இல் வந்த வீ ரிமோட் இதைப் பிரபலமாக்கியது. டிவி மேல் வைக்கும் பட்டைக்கு 'சென்சார் பார்' என்று பெயர் வைத்தார்களே தவிர அது எதையும் உணராது, இரு முனையிலும் அகச்சிவப்பு விளக்குகள் எரியும், அவ்வளவுதான். பார்க்கும் கேமரா ரிமோட்டின் மூக்கில் இருந்தது. பிசிக்கு வரும் அல்டிமார்க்கின் எய்ம்ட்ராக் இதே வழி. யூஎஸ்பியில் செருகினால் விண்டோஸ் அதை மவுஸ் என்று எடுத்துக்கொள்ளும், தனி டிரைவர் தேவையில்லை. எளிமைக்கு இதுதான். ஆனால் இரண்டு புள்ளியை வைத்து நீங்கள் எந்தக் கோணத்திலிருந்து பார்க்கிறீர்கள் என்பதை முழுதாகக் கணக்கிட முடியாது. முதலில் குறியைச் சரிபார்த்து அமைத்த இடத்திலேயே நின்றால் குழல் மேல் கண்வைத்துச் சுடலாம், இரண்டடி பக்கத்தில் நகர்ந்தால் குறி விலகும்.

மூன்றாவது, நான்கு புள்ளிக் கண். திரையைச் சுற்றி நான்கு இடத்தில் அகச்சிவப்பு விளக்கு ஒட்டினால், அந்த நான்கும் கேமராவுக்கு எப்படிச் சாய்ந்து தெரிகின்றன என்பதை வைத்து நீங்கள் நிற்கும் இடமும் சாய்வும் கணக்கில் வந்துவிடும். நகர்ந்தாலும் குறி நகராது. கன்ஃபோர்ஐஆர், ஓப்பன்ஃபயர் இரண்டும் இந்த வழியில் வந்த, கையால் கட்டும் திட்டங்கள். ஓப்பன்ஃபயர் திறந்த மூல மென்பொருள். ஒரு சிறு மைக்ரோகன்ட்ரோலர் போர்டு, ஒரு அகச்சிவப்பு கேமரா, பழைய பொம்மைத் துப்பாக்கியின் கூடு, சாலிடரிங் தெரிந்த கை இருந்தால் வீட்டிலேயே செய்யலாம். கட்டி முடித்து விற்பவர்களும் இருக்கிறார்கள்.

நான்காவது சிண்டன் லைட்கன். விளக்கே வேண்டாம். துப்பாக்கிக்குள் சாதாரண கேமரா இருக்கிறது, திரையில் படத்தைச் சுற்றி ஒரு வெள்ளைச் சட்டம் வரும், கேமரா அந்தச் சட்டத்தைத் தேடிப் பிடித்து அதற்குள் குறி எங்கே என்று கணக்கிடும். டிவியில் எதையும் ஒட்டப் பிடிக்காதவர்களுக்கும் புரொஜெக்டர் வைத்திருப்பவர்களுக்கும் இது நிம்மதி. இதற்குப் பதிலாக நாம் விட்டுக்கொடுப்பது, சட்டத்துக்காகப் படம் கொஞ்சம் சுருங்கும், பின்னணியில் ஒரு மென்பொருள் எப்போதும் ஓட வேண்டும், டிவியின் ஒரு மூலையை ஸ்பீக்கரோ பூச்சாடியோ மறைத்தால் தகராறு. முழுத்திரையில் ஓடும் சில கேம்கள் மேல் சட்டம் தானாக வராது, அதற்குத் தனியாக ஏற்பாடு செய்ய வேண்டியிருக்கும்.

என்னைக் கேட்டால், ஒரே அறை, நிரந்தரமாக ஒரே டிவி என்றால் நான்கு புள்ளி. இன்று ஹால் டிவி, நாளை நண்பன் வீட்டு மானிட்டர் என்று தூக்கிக்கொண்டு போகிறவர்களுக்கு சிண்டன்.

டேப் எடுத்து அறையை அளங்கள்

இதைச் செய்யாமல் வாங்கிவிட்டுத் திட்டுகிறவர்கள்தான் அதிகம். கையால் கட்டும் துப்பாக்கிகளில் பெரும்பாலும் போடுகிற கேமராவின் பார்வை அகலம் 33 பாகை, உயரம் 23 பாகை. ரொம்பக் குறுகலான கண். 43 அங்குல டிவியின் அகலம் சுமார் 95 செ.மீ., அது முழுவதும் கண்ணுக்குள் அடங்க நடுவில் குறிவைக்கும்போதே 1.6 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். 55 அங்குலம் என்றால் 2 மீட்டருக்கு மேல். இடது ஓரத்தைக் குறிவைத்தால் வலது ஓரத்து விளக்கு பார்வையிலிருந்து நழுவும். மென்பொருள் கொஞ்சம் ஊகித்துச் சமாளிக்கும், இருந்தாலும் கணக்கில் வருவதைவிட அரை மீட்டராவது கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். மேசையில் மானிட்டர், எதிரே நாற்காலி, இடைவெளி இரண்டடி என்றால் அகலக் கோண லென்ஸ் உள்ளதைத்தான் தேட வேண்டும், அல்லது நாற்காலியைப் பின்னால் தள்ள இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அடுத்து வெளிச்சம். அகச்சிவப்பு என்பது சூட்டோடு வருவது. ஜன்னல் வெயில், பழைய குண்டு பல்பு, நெருப்பு எல்லாமே அந்தக் கேமராவுக்கு விளக்காகத்தான் தெரியும். வீ ரிமோட்டுக்கு சென்சார் பார் இல்லாதபோது இரண்டு மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்து விளையாடியவர்கள் உண்டு, அது உண்மையிலேயே வேலை செய்யும். அதே காரணத்தால் டிவி பக்கத்திலேயே பூஜை மாடமும் அதில் எரியும் விளக்கும் இருந்தால் குறி துள்ளும். சிண்டனுக்கு வேறு பிரச்சினை, திரைக் கண்ணாடியில் ஜன்னலோ டியூப்லைட்டோ பிரதிபலித்தால் சட்டத்தைப் பிடிக்கத் தடுமாறும். திரைச்சீலை போட்டு இரண்டையும் சமாளிக்கலாம்.

டிவியில் கேம் மோடு இருந்தால் அதைப் போட்டுவிடுங்கள். படத்தை மெருகேற்றுகிறேன் என்று டிவி எடுக்கும் தாமதம் துப்பாக்கியின் தலையில் விழும், நீங்களும் துப்பாக்கியைத்தான் குறை சொல்வீர்கள்.

பிசியில் பார்க்க வேண்டியவை

மேம், ரெட்ரோஆர்ச் போன்ற எமுலேட்டர்கள், அதாவது பழைய கேம்களைப் பிசியில் ஓட்டும் மென்பொருள்கள், லைட்கன்னை ஏற்கும். ஒருவர் மட்டும் ஆடினால் பெரிய வேலை இல்லை. இருவர் சேர்ந்து சுட வேண்டுமென்றால், விண்டோஸ் எத்தனை மவுஸ் செருகினாலும் ஒரே அம்புக்குறியாகச் சேர்த்துவிடும் என்பதை மறக்காதீர்கள். இரண்டு துப்பாக்கியையும் தனித்தனியாகப் படிக்கத் தெரிந்த எமுலேட்டரா, அந்த அமைப்பு எங்கே இருக்கிறது என்று வாங்கும் முன்பே பாருங்கள். சிண்டன் இரண்டு என்றால் இரண்டு கேமரா வீடியோ வருகிறது என்று அர்த்தம், ஒரே யூஎஸ்பி ஹப்பில் செருகாமல் தனித்தனி போர்ட்டில் போடுங்கள்.

குண்டு நிரப்புவது ஒரு சின்ன விஷயம், ஆனால் அதில்தான் ஆட்டத்தின் சுகமே. ஹவுஸ் ஆஃப் தி டெட்டில் திரைக்கு வெளியே சுட்டால் குண்டு நிரம்பும். அப்படியானால் துப்பாக்கிக்கு 'நான் இப்போது திரையைப் பார்க்கவில்லை' என்று சொல்லத் தெரிய வேண்டும். டைம் கிரைசிஸில் கால் மிதியை (பெடலை) விட்டுக் காலை எடுத்தால் மறைந்துகொண்டு குண்டு நிரப்பலாம், அதை பட்டனால் செய்தால் பாதி சுவை போச்சு. மிதி இணைக்கும் வசதி உண்டா என்று கேளுங்கள்.

உதைப்பு, அதாவது ரீகாயில்: உள்ளே ஒரு சாலினாய்டு, அதாவது மின்காந்தச் சுருள், இரும்புக் கட்டையை முன்னும் பின்னும் அடிக்கும். ஜோராக இருக்கும். யூஎஸ்பி தரும் மின்சாரம் இதற்குப் போதாது என்பதால் தனி அடாப்டர், கூடுதலாக ஒரு வயர். ராத்திரி பத்து மணிக்குமேல் கீழ்வீட்டுக்காரர் வருவார். தொடர்ந்து சுட்டால் சூடாகும். முதல் துப்பாக்கியிலேயே இது வேண்டாம் என்பது என் கட்சி, ஆனால் பின்னாளில் சேர்க்கும் வசதி இருந்தால் நல்லது.

வி.ஆர்.: கண் உங்கள் நெற்றியில்

சரி, ஹெட்செட்டுக்கு வருவோம். இங்கே 'துப்பாக்கி கன்ட்ரோலர்' என்று விற்பதில் பெரும்பாலானவை கன்ட்ரோலரே இல்லை. உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் இரண்டு கன்ட்ரோலரைப் பொருத்தும் சட்டம்தான், கன்ஸ்டாக் என்பார்கள். அதில் மின்சாரம் கிடையாது, மென்பொருள் கிடையாது, அதனால் எந்தக் கேமோடும் ஒத்துப்போகாமல் போவதும் கிடையாது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை.

ஸ்டாக் எதற்கு என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வி.ஆரில் நீளத் துப்பாக்கியின் குறிக்கோடு இரண்டு கைகளையும் இணைக்கும் கோடு. கைகளுக்கு நடுவே 30 செ.மீ. என்று வையுங்கள், முன்கை ஒரே ஒரு செ.மீ. ஆடினால் 50 மீட்டர் தள்ளி நிற்கும் எதிரியிடம் குறி 1.6 மீட்டருக்கு மேல் விலகும். அதாவது ஆளையே விட்டுவிடும். அந்தரத்தில் கை நீட்டிக்கொண்டு ஒரு செ.மீ. ஆடாமல் நிற்க யாராலும் முடியாது. தோளில் ஊன்றும் சட்டம் அந்த ஆட்டத்தைக் குறைக்கிறது. முன்கையை இன்னும் தள்ளிவைத்து இடைவெளியை 45 செ.மீ. ஆக்கினால் அதே ஆட்டத்துக்கு விலகல் 1.1 மீட்டராகக் குறைந்துவிடும். ஆகவே நீளம் மாற்ற முடியாத சட்டத்தை வாங்காதீர்கள்.

ஆனால் கண் விஷயம் இங்கேயும் வருகிறது. குவெஸ்ட் ஹெட்செட்டின் கேமராக்கள் கன்ட்ரோலரில் இருக்கும் அகச்சிவப்பு விளக்குகளைத்தான் பார்க்கின்றன. குவெஸ்ட் 2-இல் அவை மேலே உள்ள வளையத்தில் இருந்தன, குவெஸ்ட் 3-இல் வளையத்தை எடுத்துவிட்டு விளக்குகளைக் கன்ட்ரோலரின் உடம்பிலேயே வைத்துவிட்டார்கள். கன்ட்ரோலரை முழுதாக மூடி 'அசல் பிஸ்டல் மாதிரி' காட்டும் பிளாஸ்டிக் கூடுகள் இந்த விளக்குகளைத்தான் மூடுகின்றன. நிமிர்ந்து குறிபார்க்கும்போது பின்கை முகத்துக்கு மிக அருகில் வந்து கேமராவின் பார்வையிலிருந்தே விலகும் என்பது வேறு. அப்போது கன்ட்ரோலர் தன் அசைவு உணரியை மட்டும் வைத்து ஊகிக்கும், சில நொடியில் துப்பாக்கி மிதந்து நகரத் தொடங்கும். எனவே கூடு போட்டதெல்லாம் வேண்டாம், கன்ட்ரோலர் திறந்த நிலையில் கிண்ணத்தில் உட்காரும் வகையைப் பாருங்கள். குவெஸ்ட் 2-க்குச் செய்த கிண்ணம் குவெஸ்ட் 3-க்குப் பொருந்தாது, மாடல் பெயரை இரண்டு முறை படியுங்கள்.

வால்வ் இன்டெக்ஸ், எச்டிசி வைவ் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. அங்கே கண் கன்ட்ரோலரிலேயே இருக்கிறது, சுவரில் மாட்டிய பேஸ் ஸ்டேஷன் வீசும் லேசர் கற்றையை அது உணர்ந்து தன் இடத்தைக் கணக்கிடுகிறது. கன்னத்தை ஒட்டி வைத்தாலும் பரவாயில்லை, அறையில் பெரிய நிலைக்கண்ணாடி இருந்தால் மட்டும் மூடிவையுங்கள். வைவ் டிராக்கர் என்ற, இடத்தைக் காட்டும் சிறு வில்லையைப் பொருத்திய முழுத் துப்பாக்கிகளும் இந்தக் கூட்டத்தில்தான் வருகின்றன, டிராக்கரின் அடியிலுள்ள ஊசிகள் வழியாக ட்ரிக்கர் அழுத்தம் போகும். வாங்கும் முன் உங்கள் கேம் டிராக்கரைக் கையாக ஏற்குமா என்று பார்க்க வேண்டும். குவெஸ்ட்காரர்களுக்கு இதற்கு இணையாக இருப்பது டச் ப்ரோ கன்ட்ரோலர், அதில் கேமரா கன்ட்ரோலருக்குள்ளேயே இருப்பதால் ஹெட்செட் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. விலைதான் உறுத்தும்.

2017-இல் பிளேஸ்டேஷன் வி.ஆருக்கு வந்த எய்ம் கன்ட்ரோலர் இன்றும் பழைய சாமான் விற்கும் இடங்களில் தென்படும். கையில் பிடிக்க அருமையான பொருள். ஆனால் அதன் ஒளிரும் உருண்டையைப் பார்க்கும் கண் பிளேஸ்டேஷன் கேமரா, பிசியில் நேரடியாக வேலை செய்யாது.

இனி கேம். ஆன்வர்ட், பாவ்லோவ், கான்ட்ராக்டர்ஸ் மாதிரி நீளத் துப்பாக்கிப் போர்க் கேம்களுக்கு ஸ்டாக் நியாயம். ஹாஃப் லைஃப்: அலிக்ஸில் எல்லாத் துப்பாக்கியும் ஒரு கையால் பிடிப்பது, மறு கை பொருட்களை இழுக்க வேண்டும், அங்கே ஸ்டாக் இடைஞ்சல். பிஸ்டல் விப்புக்கும் வேண்டாம், கன்ட்ரோலரே பிஸ்டல் மாதிரிதானே இருக்கிறது.

போர்க் கேம்களிலும் முன்கை அடிக்கடி ஸ்டாக்கை விட்டு வர வேண்டும். மேகசின் எடுக்க, கையெறிகுண்டு வீச, கதவைத் திறக்க. இதற்காகத்தான் காந்தக் கிண்ணங்கள் வந்தன, இழுத்தால் வரும், பக்கத்தில் கொண்டுபோனால் ஒட்டிக்கொள்ளும். திருகாணி போட்டு இறுக்கும் வகை மலிவு, ஆனால் முதல் சண்டையிலேயே எரிச்சல் வரும். புரோட்யூப் என்ற பிரெஞ்சு நிறுவனம் காந்த வகையும், தோளில் உதைக்கும் ஃபோர்ஸ்ட்யூப்பும் செய்கிறது. அந்த உதைப்பை எல்லாக் கேமும் தராது, சிலவற்றில் மாட் (mod), அதாவது கேமை மாற்றும் கூடுதல் மென்பொருள், போட வேண்டியிருக்கும்.

முதலில் பைப்பில் செய்து பாருங்கள்

வாங்கும் முன் ஹார்டுவேர் கடைக்குப் போய் முக்கால் அங்குல பிவிசி பைப் கொஞ்சம், அதற்கான எல்போ, டீ இணைப்புகள் வாங்கி வாருங்கள். தோளிலிருந்து பின்கைக்கு ஒரு துண்டு, பின்கையிலிருந்து முன்கைக்கு ஒரு துண்டு. கன்ட்ரோலரை வெல்க்ரோ பட்டையால் கட்டினால் போதும், ஒட்ட வேண்டாம், விளக்குகளை மறைக்கவும் வேண்டாம். ஒரு விஷயம் உடனே புரியும்: அசல் துப்பாக்கியில் மாதிரி கன்னத்தைச் சாய்க்க முடியாது, ஹெட்செட் பைப்பில் இடிக்கும். பைப்பைத் தோளருகே கீழே வளைத்துவிட்டால் சரியாகும். ஒரு வாரம் இதில் ஆடிப் பார்த்தால் உங்கள் கைக்கு எவ்வளவு நீளம், எந்தக் கோணம் என்று தெரிந்துவிடும், அந்த அளவுகளோடு கடைக்குப் போகலாம். பைப்பே போதும் என்று நின்றுவிட்டவர்களும் உண்டு.

ஸ்டாக் மாட்டியதும் கேமின் அமைப்பில் 'விர்ச்சுவல் ஸ்டாக்' இருந்தால் அணைத்துவிடுங்கள். அது கற்பனைத் தோளை வைத்துக் குறியைத் திருத்துவது, நிஜத் தோளும் சேர்ந்தால் இரண்டும் மல்லுக்கட்டும். பிறகு துப்பாக்கிச் சாய்வைத் திருத்தும் அமைப்பில் குழலும் உங்கள் பைப்பும் ஒரே கோட்டில் வரும்வரை மெதுவாக நகர்த்துங்கள்.

எந்தக் கண்ணால் குறிபார்க்கிறீர்கள் என்பதையும் சோதித்துவிடுங்கள். கைகளை நீட்டி விரல்களுக்கு நடுவே சின்ன ஓட்டை விட்டு, இரு கண்ணாலும் தூரத்துச் சுவிட்சைப் பாருங்கள், பிறகு ஒரு கண்ணை மூடுங்கள். சுவிட்சு மறையவில்லை என்றால் திறந்திருப்பதுதான் உங்கள் குறிக்கண். வலக்கைக்காரருக்கு இடக்கண் குறிக்கண்ணாக இருப்பது சாதாரணம், அவர்கள் தலையை இன்னும் சாய்க்க வேண்டியிருக்கும், ஸ்டாக் வளைவு அதற்கு இடம் தர வேண்டும்.

பெட்டி வந்தவுடன்

திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் இதையெல்லாம் செய்துவிடுங்கள். திரைத் துப்பாக்கி என்றால் நான்கு மூலை, நடு, மீண்டும் நான்கு மூலை என்று சுடுங்கள். பிறகு ஓரடி இடம், ஓரடி வலம் நகர்ந்து அதையே செய்யுங்கள், நான்கு புள்ளி என்று சொல்லி விற்றதில் குறி விலகினால் விளக்கு ஒட்டிய இடம் தப்பு அல்லது பொருளே தப்பு. ட்ரிக்கரை நூறு முறை வேகமாக இழுத்து விழாத சூடு எத்தனை என்று எண்ணுங்கள். வி.ஆர். ஸ்டாக் என்றால் குறிபார்த்தபடி ஒரு நிமிடம் அசையாமல் நில்லுங்கள், துப்பாக்கி மிதக்கிறதா என்று பாருங்கள். ஸ்டிக், கிரிப் பட்டன், இரண்டு முகப்புப் பட்டன் எல்லாம் விரலுக்கு எட்டுகிறதா? கிரிப்பை அழுத்திக்கொண்டே இருந்தால்தான் துப்பாக்கி கையில் நிற்கும் கேம்கள் உண்டு, கிண்ணம் அதைத் தடுத்தால் அந்தச் சட்டத்தால் பயனில்லை. பிறகு அரை மணி நேரம் நின்றபடி ஆடுங்கள். முன்கை தோள்பட்டையில் வலி தொடங்கினால் முன்பக்க எடை அதிகம், பைப்பில் இருந்த எடையோடு ஒப்பிட்டுப் பார்த்தால் தெரியும்.

மணிக்கட்டுக் கயிற்றை ஸ்டாக்கில் மாட்டியபின் பலர் போடுவதில்லை, காந்தம் விட்டுக் கன்ட்ரோலர் பறந்தால் டிவிதான் முதலில் வாங்கும். கருப்பு நிறத்தில் அச்சு அசல் மாதிரி இருப்பதை வெளியே கையில் எடுத்துப் போகாதீர்கள், மொட்டை மாடியில்கூட வேண்டாம். விமானத்தில் போவதாக இருந்தால் கழற்றிச் செக்-இன் பெட்டியில் போடுங்கள், கைப்பையில் வைத்தால் ஸ்கேனர் வரிசையிலேயே விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும்.